ஒலியின் திரிபும் மெருகும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்தோடும் கரையிலே அமைந்துள்ளது குண்டசாலை. மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வேளாண்மைப் பள்ளியும் வயல்களும் குடியிருப்புகளுமாகக் காட்சி தரும் இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் அரசிருக்கையாக விளங்கியது. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அக்காரணத்தால் குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அவனை வழங்கினர். தன் முன்னோரைப் போலவே அவனும் மதுரையிலிருந்து அரசியரை மணம் செய்து கொண்டான். அவனுக்குப் பின் அரசியின் உடன்பிறந்தானே அரியணை ஏற, கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று என்பது வரலாறு.

பெண் கொடுத்த நாட்டிலிருந்து பெண்ணுடன் பொன் மட்டுமா வரும்? பாட்டும் கூத்தும் உடன் வந்தன. கண்டி நடனத்தின் அணிகலன்களாகிய பதினெட்டு வன்னங்கள் இம்மன்னன் காலத்திலேயே உருவாயின என்றும், கணிதாலங்காரர் என்னும் இசைவல்லார் ஒருவர் பௌத்த பிக்கு ஒருவரின் துணையுடன் அவற்றை யாத்தார் என்றும் மரபு கூறும். யானையின் நடையும் குதிரையின் பாய்ச்சலும் மயிலின் ஆட்டமும் அவ்வன்னங்களிலே பாட்டாகவும் தாளமாகவும் வடிவெடுக்கின்றன. வன்னம் என்ற சொல் செவியில் விழுந்ததும் தமிழர் நெஞ்சில் வண்ணம் என்ற சொல் எழும். சொல்லின் பிறப்பை ஆராய்வது மொழியறிஞர் கடன். ஆயினும், ஒலிக்கு வண்ணம் உண்டா, உண்டெனின் அது எங்கிருந்து வருகின்றது, அதனை வேண்டுமென்றே ஏற்றலாமா என்னும் வினாக்கள் அரண்மனைக் காலத்திலிருந்து வானொலிக் காலம் வரை இசையாளரையும் பொறியியலாளரையும் தொடர்ந்து வந்த வினாக்களாகும்.

ஒரே சுரத்தை வீணையில் மீட்டினாலும் குழலில் ஊதினாலும் அதன் உயரம் ஒன்றே. எனினும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவனும் இது வீணை, இது குழல் என்று பிரித்தறிகின்றான். இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கும் கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822ஆம் ஆண்டில் வெளியிட்டார். சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் எந்த அலையும் பல எளிய அலைகளின் கூட்டே என்பது அவர் கண்ட உண்மை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்மோல்ட்ஸ் அதனைச் செவிக்கும் இசைக்கும் பொருத்தி 1863இல் தம் பெருநூலை வெளியிட்டார். ஒரு தந்தி விநாடிக்கு 200 முறை அதிர்வதாகக் கொள்வோம். அதனுடன் 400, 600, 800, 1000 என்ற மடங்குகளிலும் நுண்ணிய அதிர்வுகள் எழுகின்றன. முதலாவது ஆதார சட்சமாயின் இரண்டாவது மேல் சட்சம். மூன்றாவது மேல் பஞ்சமம். நான்காவது அதற்கும் மேலான சட்சம். ஐந்தாவது அந்தர காந்தாரம். இவையே மேற்சுரங்கள். நம் இசைநூலோர் இவற்றைச் சுயம்பு சுரங்கள், அதாவது தாமே தோன்றும் சுரங்கள், என்று அழைத்தனர். எந்த மேற்சுரம் எவ்வளவு ஓங்கி நிற்கின்றது என்பதே ஒலியின் வண்ணத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

தாமே தோன்றுவன என்று சொல்லப்பட்ட இச்சுரங்களை மிகுவிக்கும் கலையும் தென்னக இசையிலே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. தம்புராவின் குதிரை மீது தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு சிறு பருத்தி நூலை இடுவர். ஜீவாளி என்பது அதன் பெயர். ஜீவன் தருவது ஜீவாளி. அந்நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தினால், அதுவரை வெறுமனே 'டங்' என்று ஒலித்த தந்தி திடீரென வண்டின் ரீங்காரம் போல் விரிந்து நிற்கும். வளைந்த குதிரையின் பரப்பைத் தந்தி அதிருந்தோறும் தொட்டுத் தொட்டு மீள்வதே இதன் இரகசியம். தடையின்றி ஆட விரும்பும் தந்தியின் ஆட்டத்துக்கு அங்கே ஓர் எல்லை வைக்கப்படுகின்றது. அவ்வெல்லையில் முட்டும்போது அலையின் வடிவம் மாறுகின்றது. வடிவம் மாறவே புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன.

திருச்சிராப்பள்ளியிலே பிறந்து கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திய சர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்தார். தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அவ்விடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது தாமஸ் யங் காலத்திலிருந்து ஏற்கப்பட்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அவ்விதி பொய்த்துப்போவதை இராமன் கண்டார். ஒலிக்கக்கூடாத சுரங்களும் அங்கே ஓங்கி ஒலித்தன. மேனாட்டுக் கணக்கின்படி பிழை என்று சொல்லத்தக்க ஒன்றைத் தென்னகக் கைவினைஞர் நுட்பமாக அமைத்து, அதற்கு உயிர் என்று பெயரும் இட்டிருந்தனர்.

இக்கைவினையின் அருமை விளங்கவேண்டுமானால், மின்னியல் உலகம் இதே பொருளை எவ்வாறு அணுகிற்று என்பதையும் காணுதல் வேண்டும். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று உறுப்புகள் கொண்ட வால்வை உருவாக்கினார். நுண்ணிய மின்குறியைப் பெரிதாக்கும் ஆற்றல் அதனால் கிட்டிற்று. தொலைபேசியும் வானொலியும் ஒலிபெருக்கியும் அவ்வாற்றலின் மக்களே. ஆனால் வால்வு முற்றும் நேர்மையான வேலையாள் அன்று. சிறிய குறியைக் கொடுத்தால் அதனை ஏறக்குறைய உள்ளபடியே பெருக்கித் தரும். குறி பெரிதாக ஆக அதன் கை தளரும். ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு மேல் தர இயலாது நின்றுவிடும். நீரில் தோய்ந்த பஞ்சு மேலும் நீரை ஏற்காதது போன்ற இந்நிலையை நிரம்பல் என்பர். நிரம்பலை நெருங்கும்போது அலையின் முகடு தட்டையாகின்றது. தட்டையான முகடு என்பது புதிய மேற்சுரங்களின் கூட்டம் என்றே பொருள்படும். கொடுத்த ஒலியில் இல்லாத சுரங்கள் வெளிவரும் ஒலியில் இருப்பதனால் பொறியியலாளர் இதனைத் திரிபு என்று பெயரிட்டுப் பகையாகக் கருதினர்.

அப்பகையை வெல்லும் வழியைக் கண்டவர் ஹெரால்ட் பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் செல்லும் வழியில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் ஏட்டிலேயே அதனை அவர் குறித்துக்கொண்டார். பெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலிக்குறியில் ஒரு பகுதியை எதிர்மறையாக மீண்டும் உள்ளே செலுத்தினால், பெருக்கி செய்யும் பிழையைப் பெருக்கியே திருத்திக்கொள்ளும் என்பதே அவ்வெண்ணம். பெருக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து தூய்மையைப் பெறும் இம்முறை பல தொலைபேசிப் பெருக்கிகளைத் தொடராக இணைக்கவும் இடந்தந்தது. அது முதல் திரிபின் அளவை நூற்றுக்கு ஐந்திலிருந்து ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றுக்கும் குறைப்பதே நல்ல பொறியியலின் இலக்கணமாயிற்று.

இலங்கையில் வானொலி தோன்றிய காலமும் இதுவே. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் துறைப் பொறியியலாளர் செய்த சோதனைகளின் பயனாக 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைக்கு வந்தது. குண்டசாலை மன்னனின் பழைய தலைநகர்ப் பகுதி சிறிது காலம் ஆசியப் போரின் தலைமையிடமாக மாறிற்று. அத்தலைமையகத்தின் படைவீரருக்கென அமைந்த ரேடியோ சீயாக் என்னும் சிற்றலை நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏக்கலையில் நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பிகள் இலங்கை வானொலியின் குரலைக் கடல் கடந்து கொண்டு சென்றன. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியபின் தமிழ்நாட்டு வீடுகளிலும் அக்குரல் நாள்தோறும் ஒலித்தது.

சிற்றலையைக் கேட்டு வளர்ந்தோர் திரிபை நேரில் அறிந்தவர்கள். வானிலிருந்து இரு வழிகளில் திரும்பி வரும் அலைகள் ஒன்றையொன்று தேய்க்கும்போது, பாட்டைச் சுமந்து வரும் ஊர்தியலை சில விநாடிகள் மெலிந்துவிடும். சுமக்கும் அலை மெலிந்து சுமையாகிய ஒலி மட்டும் மிஞ்சும் அக்கணத்தில், பெட்டியிலுள்ள பிரிப்பான் அலையின் வடிவத்தைச் சிதைத்துவிடுகின்றது. பாடகியின் குரல் கரகரத்து நெளிந்து, மீண்டும் தெளியும். இங்கே திரிபு நேயருக்கு ஒரு துன்பமே. ஆகவே, மேற்சுரங்களைக் கூட்டினால் ஒலி இனிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட இயலாது. ஜீவாளி தரும் ரீங்காரத்துக்கும் மெலிந்த ஊர்தியலை தரும் கரகரப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிவதே இத்துறையின் சாரம்.

அவ்வறிவுக்கு வழிகாட்டியது ஒலிநாடா. காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்று டென்மார்க்கின் பூல்சன் 1898இல் எஃகுக் கம்பியைக் கொண்டு காட்டினார். 1928இல் ஜெர்மனியின் ஃப்ளாய்மர் தாளின் மீது காந்தப்பொடி பூசிய நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோஃபோன் என்ற நாடாப்பொறி அரங்கேறிற்று. 1940இல் வால்டர் வெபர் அதனுடன் செவிக்கு எட்டாத உயர் அதிர்வு மின்னோட்டத்தைக் கலக்கும் முறையைப் பயன்படுத்தவே, இரைச்சலும் திரிபும் வெகுவாகக் குறைந்து நாடா இசைத்தட்டை விஞ்சியது. போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கர் இரண்டு பொறிகளையும் சில நாடாச் சுருள்களையும் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று 1946இல் அரங்கில் இயக்கிக் காட்டினார். அதன்பின் உலகின் ஒலிப்பதிவுக் கூடங்கள் நாடாவுக்கு மாறின.

நாடாவின் மீதுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் குறியின் வலிமைக்கேற்பத் திசை திரும்புகின்றன. எல்லாத் துகள்களும் திரும்பிவிட்டால் நாடா நிரம்பிவிட்டது. ஆனால் அந்நிரம்பல் சுவரில் மோதுவது போன்றதன்று. ஆற்றங்கரை மணலில் கால் புதைவது போன்றது. மத்தளத்தின் கூரிய அடி நாடாவில் விழும்போது அதன் முனை மெதுவாக மழுங்கிக் கனத்துவிடும். மேல்கீழ் இரு பக்கமும் ஒரே விதமாக மழுங்குவதால் பிறப்பவை மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படை மேற்சுரங்கள். அவற்றுள் மூன்றாவதே மேலோங்கும். நாடாவின் உச்ச அளவைக் குறிக்கவும் மூன்றாம் மேற்சுரம் நூற்றுக்கு மூன்றை எட்டும் இடத்தையே பொறியியலாளர் அடையாளமாகக் கொண்டனர். இதற்கு மாறாக, மூவுறுப்பு வால்வு அலையின் ஒரு பக்கத்தை மற்றதைவிட மிகுதியாக அழுத்துவதால் இரண்டாம் மேற்சுரம் தோன்றுகின்றது. இசைமொழியில் சொல்வதானால், வால்வு மேல் சட்சத்தைச் சேர்க்கின்றது. நாடா மேல் பஞ்சமத்தைச் சேர்க்கின்றது. தம்புராவின் தந்திகளும் சட்ச பஞ்சமங்களாகவே சுருதி கூட்டப்படுவதை எண்ணும்போது, இவ்விரு பொறிகளின் திரிபு செவிக்கு ஏன் உறவாக அமைந்தது என்பது விளங்கும்.

பிழையையே விரும்பிக் கேட்கும் காலமும் வந்தது. 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பதிவான ஒரு பாட்டில், வழியில் பழுதடைந்ததாகச் சொல்லப்படும் கிதார் பெருக்கியின் கரகரத்த ஒலியை அப்படியே பதிவில் விட்டுவைத்தனர். 1961இல் வெளிவந்த மற்றொரு பாட்டில், கலவைப் பலகையின் ஒரு வழி பழுதுற்று எழுப்பிய முரட்டு ஒலி நேயரைக் கவர்ந்தது. அவ்வொலியை வேண்டும்போது எழுப்பும் சிறு கருவி 1962இல் விற்பனைக்கு வந்தது. பகை நண்பனாயிற்று. இதற்கு விளக்கம் கூற முற்பட்ட ரஸல் ஹாம் என்பவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வால்வும் டிரான்சிஸ்டரும் எல்லை மீறும்போது எழுப்பும் மேற்சுரங்களின் வரிசை வெவ்வேறானது என்றும், செவி உணரும் வேறுபாட்டுக்கு அதுவே காரணம் என்றும் எடுத்துக்காட்டினார்.

1982இல் குறுந்தட்டு வெளிவந்தது. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதியும் முறை அது. இரைச்சல் ஏறக்குறைய மறைந்தது. திரிபின் அளவு மிகவும் சிறுத்தது. பிளாக் கண்ட கனவு நனவாயிற்று எனலாம். ஆயினும் அத்தூய்மையைக் கேட்ட பலர், ஒலி தெளிவாக உள்ளது, ஆனால் உடல் மெலிந்துவிட்டது என்றனர். எண்முறைப் பதிவில் மணற்கரை இல்லை. கருங்கற் சுவரே உண்டு. உச்ச எண்ணைத் தாண்டிய அலை கத்தியால் சீவியது போல் வெட்டுண்ணும். அவ்வெட்டிலிருந்து ஏழாவது, பதினொன்றாவது எனச் சுரத்தானங்களில் சரியாக அமையாத மேற்சுரங்களும் கூரியனவாக எழும். செவியின் இயல்பும் இங்கே துணைசெய்வதில்லை. ஓங்கிய சுரம் தனக்கு அண்மையிலுள்ள மெல்லிய சுரத்தை மறைத்துவிடும். தொலைவிலுள்ளதை அவ்வளவாக மறைக்காது. ஆகவே இரண்டாம், மூன்றாம் மேற்சுரங்கள் ஒலியோடு ஒன்றிக் கனமாகத் தோன்ற, உயர்ந்த மேற்சுரங்கள் தனித்து நின்று முள்ளாய்க் குத்துகின்றன.

பதிவு முடிந்து, பல குரல்களும் கருவிகளும் கலக்கப்பெற்று, வெளியீட்டுக்கு முன் ஒலிக்கு இறுதிச் செம்மை செய்யும் பணியை மாஸ்டரிங் என்பர். நெசவு முடிந்த பட்டுக்குக் கஞ்சியிட்டு மெருகேற்றுவதைப் போன்றது அது. பழைய காலத்தில் இசைத்தட்டு வெட்டும் நிபுணரின் கையிலிருந்த இப்பணி, இன்று பெரும்பாலும் கணினியில் நிகழ்கின்றது. வால்வும் நாடாவும் தாமாகச் செய்து வந்த திரிபை இங்கே அளந்து சேர்க்கின்றனர். அதற்குப் பயன்கள் சில உண்டு.

முதலாவது, தாழ்ந்த சுரங்களைச் சிறிய பெட்டியிலும் கேட்கச் செய்தல். மிருதங்கத்தின் தொப்பி விநாடிக்கு 100 அதிர்வில் முழங்குவதாகக் கொள்வோம். உள்ளங்கை அளவுள்ள வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி அவ்வதிர்வை எழுப்பவல்லதன்று. ஆனால் 200, 300, 400 என்ற அதன் மேற்சுரங்களை அது எழுப்பும். அவை ஒன்றுகூடிச் செவியில் விழும்போது, அங்கே இல்லாத 100ஐ மனம் தானே நிரப்பிக்கொள்கின்றது. 1841இல் ஜெர்மனியின் சீபெக் கண்டு சொன்ன இவ்வுண்மையை அக்காலத்து ஓம் என்னும் அறிஞர் மறுத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1940இல், ஒல்லாந்தரான ஸ்கௌட்டன் சோதனைகளால் சீபெக்கின் கூற்றுக்கு வலுச் சேர்த்தார். தாழ்ந்த பகுதியில் மட்டும் சிறிது நிரம்பலை ஏற்றினால், குண்டசாலைக் கடைவீதியின் சிறு பெட்டியிலும் தொப்பியின் முழக்கம் உணரப்படும்.

இரண்டாவது, தாளக் கருவிகளின் கூரிய முனைகளை மழுக்கி இடம் பெறுதல். விநாடியின் சிறு கூறே நிற்கும் ஒரு முனைக்காகப் பாட்டு முழுவதையும் தாழ்த்தி வைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, தனித்தனியாகப் பதிவாகிய கருவிகளுக்கு ஒரு பொது வண்ணத்தை ஏற்றி, ஒரே மண்டபத்தில் அமர்ந்து வாசித்தாற்போல் தோன்றச் செய்தல்.

இப்பயன்கள் அளவோடு நிற்பின் நலம். அளவு தவறின் விளையும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். திரிபு தனிச்சுரத்துக்கு மேற்சுரங்களை மட்டுமே தரும். இரு சுரங்கள் ஒருங்கே சென்றால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய அதிர்வுகளையும் அது பிறப்பிக்கும். சட்சம் 240இலும் காகலி நிடாதம் 450இலும் ஒலித்தால் 210, 690 என்ற புதிய அதிர்வுகள் எழலாம். இவை இரண்டும் எந்தச் சுரத்தானத்திலும் சரியாக அமர்வதில்லை. ஆகவே ஒரு தந்திக்கு அழகு தரும் நிரம்பல் பலர் பாடும் குழுவிசைக்கு அழுக்காகிவிடும். நாகசுரம் போன்று இயல்பிலேயே மேற்சுரம் மிகுந்த கருவிக்கு மேலும் ஏற்றுவது கரும்புச்சாற்றில் சர்க்கரையைக் கொட்டுவது போலாகும். எண்முறையில் மற்றோர் இடரும் உண்டு. 9,000 அதிர்வுள்ள ஒலியின் மூன்றாம் மேற்சுரம் 27,000. விநாடிக்கு 44,100 அளவைகள் கொண்ட பதிவில் 22,050க்கு மேற்பட்ட அதிர்வு தங்க இயலாது. அது மடிந்து திரும்பி 17,100இல் வந்து நிற்கும். எந்தச் சுரத்துக்கும் உறவில்லாத இவ்விருந்தாளியைத் தவிர்க்கவே, அளவைகளைப் பன்மடங்காக்கி நிரம்பலை ஏற்றி, மிகுதியை வடிகட்டி, மீண்டும் குறைக்கின்றனர்.

தேர்ந்தவர் மற்றொரு கட்டுப்பாட்டையும் மேற்கொள்வர். நிரம்பலை ஏற்றும்போது ஒலியின் உரப்பும் பெரும்பாலும் உயரும். உரத்த ஒலி நல்ல ஒலியாகத் தோன்றுவது செவியின் பலவீனம். ஆதலால் ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் உள்ள ஒலிகளைச் சம உரப்பில் வைத்தே ஒப்பிடுவர். இவ்வொழுக்கம் கைவிடப்பட்டதன் விளைவை உலகம் கண்டது. 1990களிலும் அதன் பின்னரும், தன் பாட்டு அடுத்தவன் பாட்டைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டி மூண்டது. முகடுகள் யாவும் வெட்டுண்டு, மெல்லிசைக்கும் வல்லிசைக்கும் வேறுபாடு அற்ற பதிவுகள் பெருகின. 2006இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செவி உணரும் உரப்பை அளக்கும் முறையை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் அதனை அடிப்படையாகக் கொண்டு ஒலிபரப்புக்கு அளவு குறித்தது. எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே உரப்புக்குத் தாழ்த்தப்படும் நிலையில், வெட்டி உரப்பித்தவனுக்கு எஞ்சுவது வெட்டுக்காயம் ஒன்றே.

வானொலி நேயருக்கு இவ்வரலாற்றில் நேரான பங்கு ஒன்று உண்டு. 1950களிலும் 1960களிலும் வானொலி நிலையங்களில் பதிவான நாடகங்கள், கர்நாடக இசைக் கச்சேரிகள், நாட்டார் பாடல்கள், சொற்பொழிவுகள் பலவும் நாடாவிலேயே வாழ்கின்றன. நாடா முதுமை அடையும் பொருள், காந்தப் பூச்சு உதிரும், பசை இளகும், அதனை ஓட்டும் பொறிகளும் அருகி வருகின்றன. ஆகவே அவற்றை எண்முறைக்கு மாற்றும் பணி காலத்தோடு நடைபெற வேண்டியதாகும். அப்பணியில் ஈடுபடுவோருக்கு ஒரு சபலம் எழும். பழைய பதிவு மெலிந்து கேட்கின்றதே, சிறிது நிரம்பலை ஏற்றிக் கனமாக்கலாமே என்பது அது. வெளியிடும் படியில் அவ்வாறு செய்தல் தகும். களஞ்சியத்தில் வைக்கும் முதற்படியில் செய்தல் தகாது. அனைத்துலக ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமும், முதற்படியை விருப்பு வெறுப்பால் மாற்றாது, 24 பிட் அளவில், விநாடிக்கு 48,000க்குக் குறையாத அளவைகளுடன் உள்ளபடியே பெயர்க்குமாறு நெறி வகுத்துள்ளது.

இந்நெறியின் காரணம் எளிது. சேர்த்த திரிபைப் பின்னர் பிரித்தெடுப்பது ஏறக்குறைய இயலாத செயல். பாலில் கலந்த சர்க்கரையைக் கரண்டியால் மீட்க முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாகசுர வித்துவானின் சீவாளியிலிருந்து எழுந்த மேற்சுரம் எது, இன்று கணினியிலிருந்து ஏறிய மேற்சுரம் எது என்று நாளைய ஆராய்ச்சியாளன் பிரித்தறிய மாட்டான். பழைய நாடா தன் காலத்தில் சேர்த்த வண்ணம் வரலாற்றின் பகுதி. இன்று ஏற்றும் வண்ணம் இன்றைய சுவையின் பகுதி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து களஞ்சியத்தில் பூட்டினால், சான்று என்ற தகுதியைப் பதிவு இழந்துவிடும். குண்டசாலை மன்னனின் அவையிலே பாடிய குரல்களைக் கேட்க இன்று வழியில்லை. வன்னங்கள் வாய்வழியாக வந்து சேர்ந்தன, குரல்கள் வந்து சேரவில்லை. வானொலிக் காலத்துக் குரல்களோ நாடாவில் உள்ளன. கிடைத்த பேற்றைக் கெடாது காத்தல் கடமையன்றோ?

மேலும் ஒன்று கருதத்தக்கது. தம்புராக் கலைஞன் ஜீவாளியை ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் புதிதாக நிறுத்துகின்றான். பாடகரின் சுருதிக்கும் மண்டபத்தின் காற்றுக்கும் தந்தியின் இறுக்கத்துக்கும் ஏற்ப அந்நூல் நகர்கின்றது. மிகையாயிற்று என்று செவி சொன்னால் பின்னே இழுக்கின்றான். போதாதென்றால் முன்னே தள்ளுகின்றான். வேண்டாவிடின் நூலையே எடுத்துவிடுகின்றான். தந்திக்கு ஊறில்லை. மாஸ்டரிங் செய்யும் அறிஞர் தம் மேசையிலே வைத்திருக்கும் வால்வும் நாடாவும் கணினிக் கருவியும் இந்நூலைப் போலவே பயன்படின் ஒலிக்கு உயிர் உண்டு. தூய முதற்படி ஒன்று அருகிலே பத்திரமாக இருக்கும் வரை, எவ்வளவு வண்ணம் ஏற்றினாலும் நூலை எடுத்துவிடும் வாய்ப்பும் கையிலேயே இருக்கும்.